தந்தப் பிடியா, மரப் பிடியா?

ஒரு பேர்பெற்ற ஜெனரலின் கைத்துப்பாக்கிகளுக்குத் தந்தப் பிடி என்று, எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாமனார் சாதிக்கிறார். பட்டாளத்தில் அவர்தான் அவற்றைத் துடைத்தாராம். மரப் பிடி என்பது என் கட்சி.

வழக்கை இன்றே தீர்த்துவிடலாம் என்று பாண்டி பஜாரில் என் பட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, அந்தத் துப்பாக்கிகளை வைத்திருக்கும் பட்டாளத்து மியூசியத்துக்கு அவரை அழைத்துப் போனேன்.

அவை இருக்கவேண்டிய கண்ணாடிப் பெட்டி காலி.

“தொடைக்க எட்த்துக்கினு போய்க்கீறாங்கோ நைனா” என்றான் காவலாள்.

“எப்பப்பா வரும்?” என்றேன்.

“வரும்போது வரும்.”

காலி அலமாரியைக் காட்டி, பட்டெல்லாம் வெளுக்கப் போயிருக்கிறது என்று நான் சொன்னால் விடுவீர்களா?

மாமனாருக்கோ ஒரே பெருமை. “பாத்தீங்களா மாப்பிள்ளை, நான் விட்டு வந்தப்புறம் அதைத் தொடைக்க ஒருத்தனும் சரியா அமையல!”

டிராம் மயிலாப்பூர் சேரும்வரை அதே பேச்சு.

பிடியைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள். தந்தம்தான் என்றால் மட்டும், அவர் காதில் விழாமல் சொல்லுங்கள்.