ஒத்தை உசிருக்கு மட்டும்

தெருமுனையில் சைக்கிள் மணியை அடித்து, இறங்காமலே குரல் கொடுக்கிறார் வெள்ளைச்சாமி: "ரெட்டை உசிரெல்லாம் அங்கிட்டு ஒதுங்குங்க! ஒத்தை உசிரு மட்டும் இங்கிட்டு வாங்க!"

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அம்மை குத்துகிறவர் அவர். ஊசியை ஸ்பிரிட் விளக்கில் வாட்டுவார், ஆறவிடுவார், முன்கையில் வைத்து ஒரு திருகு. நான் மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். கருவி பிடிக்கும் கையைப் பார்த்தால் தெரியும். அவருடையது சுத்தமான கை.

கர்ப்பிணிகளை மட்டும் தொடமாட்டார். அப்படி உத்தரவு உண்டா என்று ஒருமுறை கேட்டேன்.

"உத்தரவு எதுக்கு சார்? மனசாட்சி இருக்குல்ல! குத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா வெள்ளைச்சாமி கொன்னுட்டாம்பாங்க. குத்தாம ஆச்சுன்னா மாரியாத்தா கூட்டிக்கிட்டாம்பாங்க."

ஊசிக்குப் பயந்தவர்கள் இந்த மனசாட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைக் கண்டால் தெருவே முழுகாமல் இருக்கும். பல்லெல்லாம் போன முத்துமாரியம்மாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் மசக்கை, தம்பி."

"ஒங்களுக்கா? யாரு காரணம்?"

"ஒங்க சர்க்கார்தான்!"

வெள்ளைச்சாமி பெருந்தன்மையாக அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என் அம்மா மட்டும் பொய் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு உண்டாகியிருந்தாள். ஊர் சிரிக்குமென்று முந்தானையால் போர்த்திக்கொண்டே நடந்தாள். பக்கத்து வீட்டில் அம்மை கண்டதும் கூச்சத்தை விட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கும் குத்திப்புடுங்கய்யா. வயித்துல ஒண்ணு கெடக்கு."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ரெட்டை உசிரு, தாயி. அந்தப் பாவம் நமக்கு வேணாம்." கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மாசி முடியுமுன் அம்மை கண்டு இரண்டு உயிரும் போயின. துக்கம் கேட்க முதல் ஆளாக வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தொடக்கூட இல்லையே சார்" என்றார். உண்மைதான்.

போன வாரம் மின் இணைப்பு விஷயமாக அவர் வீட்டுக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செவந்தி, நிறைமாதம், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டிய முன்கையில் இன்னும் பொருக்கு உதிராத அம்மைக் குத்து.

வெள்ளைச்சாமி எழுந்து வந்து செம்பைத் தானே வாங்கினார். மறு கையால் மகளின் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடினார்.