நானே வைத்த வெல்டிங்

எழுபதுகளின் நடுவில், துறைமுகப் பட்டறையில் வெல்டராகப் பேரெடுத்திருந்த என்னை இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்குச் சேர்த்தார்கள். இரும்பை வெட்டாமல், உடைக்காமல் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த பெண் பொறியியலாளர். என்னைவிடப் பத்து வயது குறைவு. மிஸ் என்றே அழைத்தோம்.

கடைசி நாளில், ஆளுக்கொரு வேலையைத் தெரிவுசெய்து சோதிக்கச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. குடாவைக் கடந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகு வர்ணம் பூசுவதற்காகக் கரையேற்றப்பட்டிருந்தது. அதன் சுக்கானைத் தாங்கும் இரும்புக்குப் போன மாதம் வெல்டிங் வைத்தவன் நான். என் வேலையின் சுத்தத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இரும்பைத் துடைத்து, வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிவிடும் சிவப்பு மருந்தைப் பூசினேன். பத்து நிமிடம் பொறுத்து அதை வழித்தெடுத்துவிட்டு, வெள்ளை மருந்தை மேலே தெளித்தேன். வெள்ளையில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது.

சரியாகத் துடைக்கவில்லையாக்கும் என்று முதலிலிருந்து செய்தேன். அதே இடம், அதே கோடு. மிஸ் தூரத்தில் வேறொருவரோடு நின்றார். துடைக்கும் துணி என் கையில்தான் இருந்தது; ஒரு இழுப்பில் கோடு போய்விடும்.

"மிஸ், இஞ்ச வாங்கோ. வெடிப்பு ஒண்டு இருக்கு. வெல்டிங் வைச்சது நான்தான்."

"திரும்பச் செய்து பார்த்தனீங்களோ?"

"ஓம். ரெண்டு தரமும் வந்தது."

லோஞ்சோட்டி, நாங்கள் 'நானா' என்று அழைக்கும் மூதூர்க்காரர், குனிந்து பார்த்தார். "நல்லாயிருக்கெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னனான், நானா. அது கண்ணால பார்த்துச் சொன்னது. இதை இப்பிடியே தண்ணியில இறக்க ஏலாது."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் காது சுட்டது. கோட்டைத் தொடர்ந்து அராவினேன். அடியில் வெல்டிங் கசடு அகப்பட்டிருந்தது. அவசரத்தில் விட்ட பிழை. முழுவதையும் எடுத்து, மருந்து பூசிப் பார்த்து, கோடு இல்லை என்று கண்ட பிறகே திரும்ப வெல்டிங் வைத்தேன்.

மறுநாள் காலை, இரும்பு நன்றாக ஆறியபின் சோதித்தேன். லோஞ்சோட்டி மூக்கு முட்டுமளவுக்குக் கிட்ட வந்து பார்த்தார். வெறும் வெள்ளை.

"சரி, அப்ப நீங்களும் ஏறுங்க," என்றார்.

வர்ணம் பூசி லோஞ்சைத் தண்ணீரில் இறக்கிய அன்று நானும் ஏறினேன். குடாவின் நடுவில் அலை தூக்கிப் போட்டபோதும், பின்னால் போய்ச் சுக்கானைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூதூரில் அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, அதே லோஞ்சில் வேலைக்குத் திரும்பினேன்.