யோகேஸ்வரியின் விண்ணப்பத்தில் நான் எழுதிய பொய்

யோகேஸ்வரிக்குக் கிடைக்க வேண்டிய வேலையைக் கிடைக்காமல் செய்தவள் நான். அவளுடைய விண்ணப்பத்தில் என் கையாலேயே ஒரு பொய்யை எழுதி, அவளைத் திருப்பி அனுப்பினேன்.

ஏழு ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் முழுதாகச் சொல்ல முடிகிறதோ என்னவோ...

பதுளை நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் ஆட்சேர்ப்பும் பணியாளர்களின் விடுமுறையும் என் பொறுப்பு. விண்ணப்பங்களைப் படித்து, வருகிறவர்களின் மொழியறிவைச் சோதித்து, தேறியவர்களை மட்டும் முகாமையாளரிடம் அனுப்புவேன்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். அது அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. அப்பாவுக்கு நகரில் கடை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அப்பா மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்!

ஏன் சொன்னேன்? யாரும் என்னை வற்புறுத்தவில்லையே... லயத்துப் பெண் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

யோகேஸ்வரி எங்கள் தோட்டத்துக்காரி. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். வேலைக்கென்று அவள் வந்த அன்று அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். சிங்களத்தில் நான் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். என்னுடையதைவிட நல்ல சிங்களம். எல்லாம் முடிந்து எழுந்தபோது, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க மேல்கணக்கு சாந்தி அக்காதானே?"

தோட்டத்தின் மேல் பிரிவை நாங்கள் மேல்கணக்கு என்போம். கதவு திறந்திருந்தது. வெளியே யாராவது கேட்டிருப்பார்களோ?

"இல்லைங்க. வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். பொய் சொன்னவள் நான், மன்னிப்புக் கேட்டவள் அவள்!

அவள் படியிறங்கிப் போன பிறகு விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினேன்: சிங்கள அறிவு போதாது. அதே காரணத்தைக் கடிதமாகவும் அடித்து அனுப்பினேன். அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

காலம் மாறியது. எங்களிடம் வேலை பழகியவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். விளம்பரம் போட்டால் முன்பு குவிந்த விண்ணப்பங்கள் இப்போது விரல்விட்டு எண்ணும்படி வந்தன. அந்த நேரத்தில் கொழும்புத் தலைமையகம் ஒரு முடிவெடுத்தது. தமிழில் பேசும் வாடிக்கையாளர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கான தொலைபேசிச் சேவையைப் பதுளையிலிருந்தே நடத்த வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் உடனே வேண்டும். பழைய கோப்புகளிலாவது தேடிப்பாருங்கள் என்றார் முகாமையாளர்.

தேடினேன். யோகேஸ்வரியின் விண்ணப்பத்தின் ஓரத்திலிருந்து என் கையெழுத்தே என்னைப் பார்த்தது...

அதிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். யோகேஸ்வரியே எடுத்தாள். வெலிமடையில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் வேலை செய்கிறாளாம். தெற்கேயிருந்து அழைக்கும் கடைக்காரர்களிடம் நாள் முழுதும் சிங்களத்தில் பேசி, லீக்ஸ், கரட் லொறிகளை அனுப்பிவைப்பது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். வேலையைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு, நான் சற்றும் எதிர்பாராததைச் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க சிங்களம் போதாதுன்னு எழுதினது நல்லதாப் போச்சு மிஸ். ரெண்டு வருஷம் வகுப்புக்குப் போனேன். அதுவரைக்கும் எந்த வேலைக்கும் எழுதிப் போடல."

நன்றி சொல்கிறாள்! நான் பேசாமல் இருந்திருக்கலாம். தலையாட்டிவிட்டு, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"நான் மேல்கணக்கு சாந்திதான்," என்றேன். மீதியையும் சொன்னேன்.

அவள் தேநீரைத் தொடவில்லை.

"அந்த ரெண்டு வருஷமும் சிங்களத்துல வாயத் தொறக்கவே பயந்தேன். பேசினா தப்பா வருமோன்னு."

கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"வேலைக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது. ஆனா, அதோட நீங்க செஞ்சது சரியாப் போச்சுன்னு நெனச்சிக்காதீங்க."

மறுநாள் முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் லயத்தில் பிறந்தவள் என்றதும், அப்படியா என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான்! இந்த ஒரு சொல்லுக்காகவா ஒருத்தியின் வாழ்வை மறித்தேன்? ஆனால் விண்ணப்பத்தில் செய்ததைக் கேட்டபோது அவர் முகம் இறுகியது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இனி மொழித் தேர்வை ஒருவர் தனியாக நடத்தக் கூடாது என்று விதியும் வந்தது. அந்த விதி நல்லது. அது என்னால் வந்தது என்பதுதான் சுடுகிறது.

யோகேஸ்வரி சேர்ந்து ஏழு மாதங்களாகின்றன. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இன்னும் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். காலையில் அவர்கள் பேசும் குரல்கள் அலுவலகத்தை நிறைக்கின்றன. எங்கள் தோட்டத்துத் தமிழ் அது, ஒளிவுமறைவு இல்லாமல் ஒலிக்கிறது. அவர்களில் வெளிநாடு போவதாக இருந்த ஒருத்தி அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள். சென்ற மாதம் யோகேஸ்வரியை அந்தப் பிரிவின் பொறுப்பாளராக்கினார்கள். எல்லோருடனும் கைதட்டினேன். மனமாரத்தான் தட்டினேன்.

நேற்று ஒரு நாள் விடுமுறை கேட்டு வந்தாள். அம்மாவுக்குக் கண் சிகிச்சை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். இப்போது பொறுப்பாளர் சம்பளம் வருகிறதே, கண்ணாடியும் எடுத்துவிடலாம் என்றாள். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அந்தத் துணிவில் கேட்டுவிட்டேன், துணைக்கு நானும் வரட்டுமா என்று.

"வேணாம் மிஸ். நாங்க போயிக்கிறோம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் விடுமுறைப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.