காமாட்சியின் ரத்தம் காமாட்சிக்கே

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு லேப் கதவைத் திறந்தேன். ஃபிரிட்ஜின் வெப்பநிலை நாலு டிகிரி; குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை கழுவிக் கவிழ்த்த டெஸ்ட் டியூப்களை எண்ணி ரேக்கில் நிறுத்தினேன். எட்டே முக்காலுக்குள் ஹீமோகுளோபின் நாலு, யூரின் ஆறு முடிந்தன. ஒன்பது மணிக்குக் காலி ரத்த பாட்டிலோடு பெண்கள் வார்டுக்குப் போனேன்.

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரி சிறியது. பெண்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கைகள்தான். பன்னிரண்டு பேரில் இரண்டு பேராவது காமாட்சியாக இருப்பார்கள், ஊர் அப்படி. அதனால் எல்லா லேபிளிலும் கணவர் பெயரையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். அந்த முறையில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மூன்றாம் படுக்கைக் காமாட்சியின் கணவர் வரதன். ஐயம்பேட்டைப் பக்கம் தறி. இவள் வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். இவளுக்கு ஆர்.எச். நெகட்டிவ், வரதனுக்குப் பாசிட்டிவ். முதல் பெண் நன்றாகப் பிறந்தாள். அடுத்த குழந்தை மஞ்சள் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்கடுத்தது வயிற்றிலேயே போனது. இது நாலாவது, ஏழாம் மாதம். தாயின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், உண்டான ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்துக்கொண்டிருந்தது. இந்தக் குழந்தையும் போனால் இனி வேண்டாம் என்று வரதன் சொல்லிவிட்டாராம்.

எங்கள் டாக்டரம்மா மெட்ராஸில் கற்றுவந்த வழி இது: தாயிடமிருந்து ஒரு பாட்டில் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவை மட்டும் நீக்கிவிட்டு, சிவப்பணுக்களைச் சலைன் கலந்து அவளுக்கே திருப்பி ஏற்ற வேண்டும். ஞாயிறு தவிர தினமும். பாட்டிலைச் சுழற்றும் பெரிய சென்ட்ரிஃப்யூஜ் எங்களிடம் இல்லை. ஆனால் கர்ப்பிணியின் ரத்தம் சும்மா வைத்தாலே சீக்கிரம் படிந்துவிடும். லேபில் ஃபிரிட்ஜ் மோட்டாரின் அதிர்வு படிய விடாது என்பதால், வார்டுச் சுவரிலிருந்த சிமெண்டுப் பலகையில் வைப்பேன். இரண்டரை மணி நேரத்தில் கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறம். மேலே இருப்பதை ஊசி வழியாக உறிஞ்சி எடுத்துவிடுவேன்.

அன்றும் அப்படியே எடுத்தேன். பிறகு ஒன்பதாம் படுக்கைக் காமாட்சிக்கு, ஏகாம்பரத்தின் மனைவிக்கு, லேபில் தயாரித்த பாட்டிலையும் கொண்டுவந்து அதே பலகையில் வைத்தேன். அவளுக்கு ரத்தசோகை. அதிலும் பிளாஸ்மா நீக்கிய சிவப்பணுக்கள்தான். ஆனால் பி பாசிட்டிவ். அது மூன்றாம் படுக்கைக்குள் போனால் தாயையே காப்பாற்ற முடியாது.

வைத்துவிட்டுச் சலைன் எடுக்கப் போனேன். அந்த நேரத்தில் சிஸ்டர் ஒரு பாட்டிலை எடுத்து மூன்றாம் படுக்கையின் ஸ்டாண்டில் மாட்டிவிட்டார். லேபிளைப் படித்து எப்படிச் சரிபார்த்தார் என்பதை அவரே அப்புறம் சொன்னார்.

"உன் பேரு?"

"காமாட்சி."

"வீட்டுக்காரர் பேரு?"

காமாட்சி சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள்.

"ஏகாம்பரம்தானே?"

குனிந்த தலை நிமிரவில்லை. நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் ஊசியைக் குத்திவிட்டு, ரத்தம் இறங்காமல் தடுத்திருந்த டியூப் கிளிப்பில் கை வைத்திருந்தார். அப்போதுதான் காமாட்சி நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது என்னுது இல்லம்மா."

"ரத்தத்துல என்னடி உன்னுது, என்னுது? எல்லாம் செவப்புதான்."

"என்னுது பாட்டிலைச் சுத்தின பட்டைக்கு மேல நாலு விரல் நின்னுது. காலைலேர்ந்து அதைத்தானே பார்த்துக்கினு படுத்திருக்கேன்? இது ரெண்டு விரல்தான் இருக்குது."

சலைன் பாட்டிலைக் கதவோரப் படுக்கையில் போட்டுவிட்டு ஓடி லேபிளைப் பார்த்தேன். என் கையெழுத்து, முத்து முத்தாக: காமாட்சி, க/பெ ஏகாம்பரம். கிளிப் இன்னும் திறக்கவில்லை. ஊசியை நானே உருவினேன்.

"ஏகாம்பரமான்னு சிஸ்டர் கேட்டாங்களாமே, இல்லேன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்றேன்.

"அவர் பேரைக் கேட்டாங்களேன்னு வெக்கத்துல குனிஞ்சுட்டேன் சார். அப்புறம் அவங்க சொன்னது காதுலயே விழல."

விஷயம் டாக்டரம்மாவிடம் போனது. கத்துவார் என்று பயந்தேன். லேபிளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"எழுத்து அழகாத்தான் இருக்குது. இந்த ஊர்ல எந்தப் பொம்பளை புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்றா? அவ பதில் சொல்லவே முடியாத கேள்வியை வெச்சுக்கினு என்னத்தப்பா செக் பண்ணுவீங்க?"

ஏகாம்பரத்தின் மனைவியிடம் கேட்டிருந்தாலும் அதே சிரிப்பும் அதே குனிதலும்தான் கிடைத்திருக்கும். எட்டு வருஷமாக அப்படித்தான் கேட்டுவந்திருக்கிறோம். அதுவரை தப்பாதது எங்கள் அதிர்ஷ்டம். லேப் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: உங்கள் ரிஜிஸ்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், படுத்திருப்பவர் தன் வழியில் பதில் சொல்ல அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காமாட்சிக்கு அக்டோபர் முதல் வாரத்தில், நாள் நிறையும் முன்பே, பெண் குழந்தை பிறந்தது. மஞ்சள் இருந்தது. குழந்தையின் ரத்தத்தை ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது. நர்சரியில் அதன் அழுகைதான் பெரிது என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றும் அந்த வருஷத்து டைரியைப் புரட்டினால் அந்தப் பக்கத்தைத் தாண்ட நேரமாகிறது.

பாட்டில் மாறவிருந்த அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, வேறு வேலை எதையும் தொடாமல் காலி பாட்டிலும் பிளாஸ்டர் சுருளும் பேனாவுமாக மூன்றாம் படுக்கைக்குப் போனேன்.

"எழுதத் தெரியுமாம்மா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

"இதுல உன் பேரையும் வீட்டுக்காரர் பேரையும் எழுது. ஏத்தறப்ப உன் கையெழுத்தான்னு நீயே பார்த்துச் சொல்லணும்."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். "எழுதினா ஒண்ணும் குத்தமில்லையே?"

"வாய்தான்டி சொல்லக் கூடாது, கைக்கு என்ன?" என்றார் சிஸ்டர்.

அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தாள். அதைக் காலி பாட்டிலில் ஒட்டிய பிறகுதான் அவள் கையில் ரப்பர் டியூப்பைக் கட்டினேன்.