யோகலட்சுமி டீச்சரின் ஒன்பது நாள்

யோகலட்சுமி டீச்சரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மறைப்பானேன்? பினாங்கில் ஒரே பள்ளியில் பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருக்கு வரலாறு, எனக்குக் கணக்கு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லி நோகடிக்கிற வாய். என் புடவைக் கட்டு சரியில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன மகராசி.

கணவர் போனபின் அவருக்கு எல்லாமே ஒரே மகள் அருந்ததிதான். சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்க, 1983 ஜூனில் அவளைக் கொழும்பிலிருந்த தன் அக்கா நல்லம்மாவிடம் அனுப்பினார். இங்கே ஜீன்ஸும் வெறும் நெற்றியுமாகத் திரிந்த பெண். அதனால் வாரம் தவறாமல் கடிதம் போட்டார்: பொட்டில்லாமல் வாசல் தாண்டாதே, என் மானம் போய்விடும்.

ஜூலைக் கடைசியில் கொழும்பு எரிகிற செய்தி வந்தது. தமிழர் வீடுகளைக் கொளுத்துகிறார்கள், வண்டிகளை மறித்துப் பொட்டு வைத்த பெண்களை இழுத்துப் போடுகிறார்கள் என்று பத்திரிகையில் இருந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ரொஸ்னா என்ற மாணவி ஓடி வந்து, சிக்கு, அதாவது டீச்சர், பேச்சை நிறுத்திவிட்டுக் கரும்பலகையைப் பிடித்தபடி நிற்கிறார் என்றாள். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"எத்தனை யுத்தம், எத்தனை புரட்சி, எல்லாத்துக்கும் வருஷம் சொல்லிக் குடுத்தேன், ருக்குமணி. இது வர்றது எனக்குத் தெரியலையே. பொட்டு வைன்னு நான்தானே எழுதினேன்."

கொழும்புக்கு லைன் கிடைக்கவில்லை. அவரைத் தனியே விட மனம் வராமல் அவர் வீட்டிலேயே தங்கினேன். அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. நீயே எடு என்றார். எடுத்தேன். அருந்ததியின் குரல். ரிசீவரை அவர் காதில் வைத்து நானும் ஒட்டி நின்றேன்.

தப்பித்து முகாமில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அழுதாள்.

"நான் பொட்டு வைக்கலம்மா. கோவிக்காதீங்க. பெரியம்மா வச்சிருந்தா. வேனை மறிச்சு அவவை இறக்கினாங்க. என் மலேசியா பாஸ்போர்ட்டப் பாத்துட்டு, இவ உனக்கு யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்மா."

டீச்சர் சுவரில் சாய்ந்தார். அக்கா என்ன ஆனாள் என்று அவர் கேட்கவில்லை.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். நீ வந்து சேரு," என்றார்.

அக்காவைத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.