ஆறாவது கடை

மூன்று வருடம் இருக்கும். தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு டயர் கடையில்தான் நான் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். குடியிருப்பது நீலசந்திராவில். வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் கன்னடம் தடையில்லாமல் வரும்.

அந்த மாதம் எங்கள் கடை வாசலில் நிற்கும் மரம் முழுக்க ரோஸ் கலர் பூவாக இருக்கும். இலை கண்ணுக்கே தெரியாது. காற்று வீசாதபோதும் அது பாட்டுக்கு உதிர்ந்துகொண்டிருக்கும். ஏற்றி நிறுத்திய காரின் கூரையில், கழற்றி அடுக்கிய டயர்களின் குழிக்குள், எங்கள் தலையில் எல்லாம் பூ. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றுவிடுவேன். எங்கேயோ மிதப்பது போல இருக்கும்.

எங்கள் ஓனர் அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்காக ஹாசன் போயிருந்தார். முதல் முறையாகக் கடைச் சாவி என் கையில். போகும்போது அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை. அவருக்கு இருப்பது ஒரே சட்டம். டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த வண்டிக்கு என்ன சைஸ் டயர் என்று அதில் போட்டிருக்கும். அந்த சைஸ் தவிர வேறு எதையும் எங்கள் கடையில் மாட்டக்கூடாது. யார் சிபாரிசு பிடித்து வந்தாலும் கிடையாது.

பதினோரு மணிவாக்கில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சின்ன வண்டி, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது. இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின் சீட்டை மடித்துவிட்டு உள்ளே நான்கு டயர் வைத்திருந்தார். மச்சானுடைய பெரிய வண்டியில் இருந்து கழற்றியது, அதிகம் ஓடாதது. பார்த்தவுடனே தெரிந்தது, இந்த வண்டிக்கு அது இரண்டு சைஸ் பெரிசு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார், காலையிலிருந்து ஐந்து கடை ஏறி இறங்கியாயிற்றாம். எல்லோரும் முடியாது என்றுவிட்டார்களாம். ஒரு கடையில் சிரித்தார்களாம். இன்னொரு கடையில் டயரை இறக்கவே விடவில்லையாம். கன்னடத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் ஏதோ தமிழ் வார்த்தை முணுமுணுத்ததைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"நீங்க தமிழா தம்பி?" என்று கிட்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் வீட்டுக்காரிக்கு ஏழாவது மாசம். ஒவ்வொரு ஹம்ப்லயும் வண்டி அடி தட்டுது. தட்டறப்பல்லாம் அவ வயித்தைப் பிடிச்சுக்கறா. என்னால அதைப் பார்க்க முடியல."

டயர் பெரிதானால் வண்டி கொஞ்சம் உயரும், வேகத்தடையில் அடி தட்டாது என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. விடியும்போதே கிளம்ப வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் கன்னட நண்பன் டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேட குரு" என்றான். வேண்டாம் என்று அர்த்தம். ஒரு தடவைதான் சொன்னான். பிறகு டீ குடிக்கப் போய்விட்டான். ஐந்து பேர் முடியாது என்றதை நான் செய்து கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு எனக்குள் இனிப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓனர் இல்லை. மரம் பூ கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஜாக்கியை எடுத்தேன்.

டயர் ரிம்மில் முரண்டு பிடித்துத்தான் உட்கார்ந்தது. நான்கையும் மாட்டி, வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தேன். விரல் போனது. அவ்வளவுதான் பரிசோதனை. அவர் கிரீஸ் படிந்த என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பழைய டயர்களை வைக்க வீட்டில் இடமில்லை, இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓனருக்குத் தெரியக்கூடாது என்பதால் நான் பில் போடவில்லை. அதனால் பெயரும் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை.

அன்று மத்தியானம் பூராவும் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

நான்கு மணிக்கு அதே மாடல் கார் ஒன்று காற்றடிக்க வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியம்மா. பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழ, எல்லோரும் இறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். இறங்க இறங்க வண்டி மேலே எழும்பியது. திரும்பி வந்து ஒவ்வொருவராக ஏறும்போது அப்படியே அமுங்கியது. சக்கரத்துக்கு மேலே நான்கு விரல் இருந்த இடம் இரண்டு விரலானது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. காலையில் நான் விரல் விட்டுப் பார்த்தது காலி வண்டியில்.

மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஏறினால் அந்த இடைவெளி இருக்காது. ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு மேட்டிலும் டயர் மட்கார்டின் விளிம்பில் உரசும். உரசி உரசி அறுபடும். ஹைவேயில் வேகமாகப் போகும்போது வெடிக்கும். உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி. கையில் இருந்த காற்றுக் குழாய் சீறிக்கொண்டே இருந்தது, எனக்கு அதை நிறுத்தக் கூடத் தோன்றவில்லை.

நண்பனிடம் கடையை விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். பேச்சுவாக்கில் அவர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் கேட்காவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. சந்து முனையிலேயே ஒரு பெரிய ஹம்ப். இதை வைத்துக்கொண்டு ஒக்கலிபுரத்தின் சந்துகளில் பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆட்களைப் பார்க்கவில்லை, வீடுகளைப் பார்க்கவில்லை. சக்கரங்களை மட்டும் பார்த்தேன். வெள்ளைக் கார் என்றால் தெருவுக்கு ஐந்து நிற்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குனிந்தேன். ஒரு பெரியவர் என்னைச் சக்கரம் திருடுகிறவன் என்று நினைத்துக்கொண்டு கன்னடத்தில் அதட்டினார். நான் சொன்ன கதையை அவர் நம்பவில்லை. நிலையத்துக்குள் நுழையும் ரயில்கள் மெதுவாக, மிக மெதுவாகக் கடந்துகொண்டிருந்தன. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் என் மேல் விழுந்து விழுந்து போனது. இருட்டும்வரை தேடியும் வண்டி கிடைக்கவில்லை. அவர்கள் அதே வண்டியில் கடைவீதிக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று கண் அசந்தபோதெல்லாம் ஒரே கனவு. அல்சூர் ஏரியின் மேல் கார்கள் மிதந்து போகின்றன. ஒன்றுக்கும் சக்கரம் இல்லை. உள்ளே இருப்பவர்கள் எனக்குக் கை காட்டிக்கொண்டே போகிறார்கள். நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், குரல் வரவில்லை.

ஐந்தரைக்கெல்லாம் மறுபடி ஒக்கலிபுரம் வந்துவிட்டேன். பனி அப்படி இறங்கியிருந்தது, பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு முனையில் மஞ்சள் பல்பின் கீழே பூக்கார அம்மா ஒருவர் பூ கட்டிக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் பூராவும் காரைத் தேடினேனே, வளைகாப்பு என்றால் பூ வாங்காமல் இருப்பார்களா என்று அப்போதுதான் புத்தி வந்தது. கேட்டேன். "இப்பத்தானே வாங்கிட்டுப் போறாரு" என்று பனிக்குள் கையை நீட்டினார்.

ஓடினேன். சந்துக்குள் ஹெட்லைட் இரண்டும் மங்கலாகத் தெரிந்தன. வண்டி நகர ஆரம்பித்திருந்தது. நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்று நினைத்திருப்பார். எனக்கு மூச்சு வாங்கியது. செல்போன் டார்ச்சை அடித்து முன் சக்கரத்துக்கு மேலே காட்டினேன். மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. அதைச் சுற்றிக் கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி. டயரின் தோள்பட்டையில் கத்தியால் சீவினது போல ஒரு கோடு. ஒரே ஒரு சாயங்காலம் ஊருக்குள் ஓடியதற்கே இப்படி.

பின் சீட்டில் அவருடைய அம்மாவும் மனைவியும் இருந்தார்கள். மனைவி மெல்ல இறங்கி வந்து அந்த வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். நேற்றே கரகரவென்று சத்தம் கேட்டதாம். புது டயர் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று இவர் சமாதானம் சொன்னாராம். பிறகு அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அஞ்சு பேரு முடியாதுன்னு சொன்னாங்க அண்ணா. நீங்களும் முடியாதுன்னு சொல்லியிருந்தா நாங்க பஸ்லயே போயிருப்போம்."

அவர் கணவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சாவியை நான்தான் கேட்டு வாங்கினேன். சாமான்களை இறக்கிவிட்டு நானும் அவரும் மட்டும் காலி வண்டியில் கடைக்குப் போனோம். வளைவுகளில் மாட்டு வண்டி மாதிரி அகலமாகத் திருப்பினேன். ஏரியே தெரியவில்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் கிடந்தது. கடையைத் திறந்து, கிடந்த பழைய டயர்களை எடுத்து மாட்டும்போதுதான் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பின் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து உட்கார்ந்துபோயிருந்தன. ஒன்றில் முனையே உடைந்திருந்தது. வண்டி அடி தட்டியதற்குக் காரணம் அதுதான். டயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முந்தின நாள் ஒரு நிமிடம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன், அவர் கண்ணில் நல்லவனாகத் தெரிவதிலேயே என் கவனம் இருந்துவிட்டது. இதையும் அவரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? சாமான்களோடு பஸ் பிடித்துப் போக நேரமும் இல்லை, இருக்கிற ஒரே வழி பாரத்தைக் குறைப்பதுதான். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டு மூட்டை வைத்திருந்தார்கள். ஒக்கலிபுரத்துக்குத் திரும்பி வந்து அதை நான் என் பைக்கில் கட்டிக்கொண்டேன். ஹம்ப் வந்தால் நடக்கிற வேகத்தில், கொஞ்சம் சாய்த்து ஏற்றச் சொன்னேன். நான் பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தத் தொண்ணூறு கிலோமீட்டரை இப்போது நினைத்தாலும் நிஜமாக நடந்ததா என்று இருக்கும். ஓசூர் தாண்டும்வரை பனி விலகவில்லை. முன்னால் சிவப்பாக இரண்டு விளக்கு, அதற்குக் கீழே இரண்டு சக்கரம். உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை. முதுகுக்குப் பின்னால் டப்பாக்கள் சின்னச் சின்னதாகக் கிணுகிணுத்துக்கொண்டே வந்தன. ஹம்ப் வரும்போதெல்லாம் என் மூச்சு நிற்கும். வண்டி ஏறி, தயங்கி, இறங்கும். சத்தம் வராது. மூச்சு திரும்பும். சூளகிரி பக்கத்தில் வெயில் வந்தபோது பாறை மலைகள் ஈரத்தில் மின்னின. பின் கண்ணாடி வழியாக அந்த அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். அந்த அக்காவின் அம்மா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, இது யார் என்று மகளிடம் கேட்டார். எனக்குக் காது சூடானது. எல்லோர் முன்னாலும் விஷயம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"வழித்துணைக்கு வந்தாரும்மா" என்றார் அந்த அக்கா. வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கணவரும் சொல்லவில்லை.

என்னை உட்கார வைத்து இலை போட்டார்கள். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். கூடத்தில் பெண்கள் வரிசையாக வந்து அவர் கையில் வளையல் அடுக்கினார்கள். முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்பும். அவர் கையை அசைக்கும்போதெல்லாம் எழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். புகையாக ஏதோ கண்ணை மறைத்தது.

ஓனர் திரும்பி வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஸ்பிரிங் மாற்றியாயிற்றா என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கார்க்காரர் வண்டியைக் கொண்டுவர, தெரிந்த மெக்கானிக்கை வைத்து என் கண் முன்னாலேயே மாற்றினோம். இப்போது அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பின் சீட்டில் நின்றுகொண்டு வரும்.

இன்றைக்கும் மாதத்தில் நாலைந்து பேர் சைஸ் மாறின டயரோடு எங்கள் கடைக்கு வருகிறார்கள். முடியாது என்கிறேன். அதோடு விடாமல் எதற்காகக் கேட்கிறார்கள் என்று விசாரித்து, வண்டிக்கு அடியில் குனிந்தும் பார்க்கிறேன். சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள். சிலர் திட்டிக்கொண்டே வண்டியை எடுக்கிறார்கள். அப்படிக் கோபத்தோடு போகிற வண்டியை முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைத் திட்டிக்கொண்டாவது இவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்வார்கள் என்ற நினைப்பில் எனக்குக் கிடைக்கிற நிம்மதி, வேறு யாருடைய நன்றியிலும் இதுவரை கிடைத்ததில்லை.