குழந்தைப் படம் போட்ட டப்பா

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் சாயங்கால ரயிலில் எனக்கு எதிரே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். எழுபதுகளின் கடைசி அது. அவள் புருவமெல்லாம் வெள்ளைப் பவுடர். விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையை உரித்து உரித்து ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டே வந்தாள். பொன்னேரி வருவதற்குள் ஏழு விரல் முடிந்திருந்தது.

என் மடியில் குழந்தைப் படம் போட்ட பவுடர் டப்பா. முன்பு வாங்கியது அதே கம்பெனியின் ரோஜாப் படம் போட்டது. அதைப் போட்டுப் பேத்தியின் கழுத்தில் பதினொரு கொப்புளம் கிளம்பிவிட்டது. அதனால் நான்கு கடை ஏறி இறங்கி, பச்சைக் குழந்தைக்கென்றே செய்தது வேண்டும் என்று தேடி வாங்கியிருந்தேன்.

"இன்னா சார், கொழந்தைக்கா? லேபிளு நான் ஒட்னதுதான்" என்றாள். "ரோஜாவுக்கும் இதுக்கும் ஒரே பீப்பாதான்."

"கலக்கும் சென்ட்கூடவா?"

"எல்லாமே ஒண்ணுதான் சார்."

"ரோஜா போட்டு என் பேத்தி கழுத்தெல்லாம் கொப்புளம்! பச்சை உடம்பில் போடுகிற பொருளம்மா! கேட்க ஆளில்லையா?" என்று கத்தினேன்.

"ஒட்றவளாண்ட கத்தினா? மொதலாளிய போய்க் கேளு சார்."

டப்பாவை ஜன்னல் வழியாக எறியக் கை ஓங்கினேன். அவள் சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எறியாத சார், எங்கிட்ட குடு. என் புள்ளைக்கு மூணு மாசம். பொம்மை படம் போட்டதுதான் வோணும்னு மாமியாரு கேட்டுக்கினே கீது."

"எல்லாம் தெரிந்த நீயே போடப்போகிறாயா?"

"வாங்கித் தரலன்னு பேச்சு கேக்கறது நான்தான சார்."

மீஞ்சூரில் இறங்கிப் போனாள். அந்த முதலாளி மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் டப்பாவை அவள் கையில் விட்டவன் நான்தான்.